சம்மதமும் அமானிதமும்: சந்தை ஆய்வில் தனிமனிதத் தரவுகள்

கொள்வோரின் தேவையை அறியாமல் எந்த வணிகமும் நிலைத்ததில்லை. அத்தேவையை முறைப்படி அறிய முயல்வதே சந்தை ஆய்வு. வினாத்தாளுடன் வீடுவீடாகச் சென்ற காலத்திலேயே அத்துறை பதிலளிப்போருக்கு ஒரு வாக்குறுதியை அளித்திருந்தது. விடைகள் கணக்கில் சேரும். விடையளித்தவரைத் தேடி எந்த விற்பனையாளரும் வரமாட்டார் என்பதே அது. 1948இல் எஸோமார் அமைப்பு வெளியிட்ட நெறிக்கோவையும், 1977இல் பன்னாட்டு வணிகக் கழகத்துடன் இணைந்து அது உருவாக்கிய பொது நெறிக்கோவையும் இத்துறையின் நம்பகத்தன்மையைக் காக்க எழுந்தவையே.

இன்று வினவுபவர் மறைந்துவிட்டார். கைப்பேசியே நம்மைப் பற்றிய விடைகளைச் சொல்லிவிடுகிறது. இச்சூழலில் இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அளித்த தீர்ப்பின் வழிவந்தது இச்சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. மீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இது வழிவகுத்துள்ளது. பதினெட்டு வயது நிறையாதோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இவை பாராட்டுக்குரியவை. எனினும் நம் ஐயங்கள் மூன்று.

முதலாவது, சம்மதம் பற்றியது. சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பானதாக, விளக்கம் பெற்றதாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கிடமற்றதாக அமைய வேண்டும் என்கிறது ஆறாம் பிரிவு. சொற்கள் நிறைவானவை. ஆனால் திரையில் தோன்றும் ஒரு பொத்தானை அழுத்துவதில் இவ்வைந்தும் அடங்கிவிடுமா? தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் அறிய உலகெங்கும் முஸ்லிம்கள் பயன்படுத்தும் முஸ்லிம் புரோ செயலி 9 கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. அதன் பயனர்களின் இருப்பிடத் தரவுகள் எக்ஸ்-மோட் என்னும் தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றன என்பதும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளருள் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்தனர் என்பதும் 2020 நவம்பரில் வெளிவந்தன. செய்தி வெளியானதும் செயலியின் நிறுவனம் அத்தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் எக்ஸ்-மோட் நிறுவனம் உணர்வுநுட்பமிக்க இருப்பிடத் தரவுகளை விற்கத் தடை விதித்தது. விளம்பரத்துக்கும் வணிகப் பகுப்பாய்வுக்கும் எனத் திரட்டப்பட்டது அரசு ஒப்பந்ததாரரிடம் செல்வதைப் பயனர்களுக்கு முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. கிப்லாவைத் தேடியவர் இருப்பிடத்தைத் தந்தது உண்மை. ஆனால் எதற்குத் தந்தார் என்பதே கேள்வி.

இரண்டாவது ஐயம், ஆராய்ச்சி என்னும் சொல் பற்றியது. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் தேவையான தரவுப் பயன்பாட்டுக்குப் பதினேழாம் பிரிவு விலக்களிக்கிறது. தரவுக்குரியவரைக் குறித்துத் தனித்த முடிவு எதுவும் எடுக்கலாகாது. வகுக்கப்பட்ட தரநெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்பவை நிபந்தனைகள். பழைய நெறிக்கோவைகளின் வாக்குறுதியே இங்குச் சட்டமொழியில் எதிரொலிக்கிறது. ஆயின், ஆராய்ச்சி எது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. அச்சொல் எவ்வளவு எளிதாக முகமூடியாகும் என்பதைக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் காட்டியது. கல்விசார் ஆய்வு என்ற பெயரில் ஏறத்தாழ 2,70,000 பேர் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை ஏற்றனர். அவர்களின் நட்புவட்டம் வழியே 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் தரவுகள் பறிபோயின. ஒருவரின் சம்மதம் மற்றவரின் சம்மதமாகாது என்ற எளிய நியதி அங்கே மீறப்பட்டது.

தனித்த முடிவு என்ற நிபந்தனையும் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு தெருவில் வாழ்வோர் அனைவரையும் கடன் கொடுக்கத் தகாதவர் என ஓர் ஆய்வு வகைப்படுத்தினால், அதில் எவர் பெயரும் இராது. எவரைக் குறித்தும் தனித்த முடிவும் இராது. ஆயினும் அத்தெருவில் பிறந்த ஒவ்வொருவரும் அதன் விளைவைச் சுமப்பர். சிறுபான்மையினர் ஒருங்கே வாழும் பகுதிகளுக்கு இது வெறும் கற்பனை அச்சமன்று.

மூன்றாவது ஐயம் இதனோடு பிணைந்தது. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி சமய நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவாகக் கொள்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மசோதாவும் அவ்வாறே கொண்டிருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வகைப்பாடு இல்லை. எல்லாத் தரவுக்கும் ஒரே அளவான காப்பு என்பது எளிமை என வாதிடுவோர் உண்டு. பெயரே சமயத்தைக் காட்டிவிடும் நாட்டில் தனி வகை எதற்கு என்பதும் அவர்கள் வினா. ஆனால் பழச்சாறு வாங்கிய விவரமும் பள்ளிவாசலுக்குச் சென்ற விவரமும் வெளிப்படும்போது நேரும் தீங்கு ஒரே அளவினதன்று. தீங்கு வேறுபடுமாயின் காப்பும் வேறுபடுவதே நீதி.

இஸ்லாமிய மரபு இவ்விவாதத்துக்கு வழங்கக்கூடியது என்ன? பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைச் சூரத்துல் ஹுஜுராத் விலக்குகிறது. அனுமதியின்றிப் பிறர் இல்லம் புகுவதைச் சூரத்துந் நூர் தடுக்கிறது. இவ்விரண்டையும் பலரும் எடுத்துக்காட்டுவர். இவற்றினும் நெருக்கமான ஒப்புமை ஃபிக்ஹ் நூல்களின் வதீஆ என்னும் அடைக்கலப் பொருள் இயலில் உள்ளது. அடைக்கலம் பெற்றவரின் கவனக்குறைவின்றி அப்பொருள் அழிந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. ஆனால் உரியவரின் அனுமதியை மீறி அதைத் தமக்கெனப் பயன்படுத்திய கணமே பொறுப்பு அவர்மீது விழுகிறது. இங்கு அனுமதி என்பது பொருளோடு மட்டுமன்றி நோக்கத்தோடும் கட்டுண்டது. ஒரு நோக்கத்துக்குத் தரப்பட்டது மற்றொன்றுக்குச் செல்ல, மீண்டும் கேட்டாக வேண்டும்.

இவ்வளவுகோலை அரசுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டும் நீட்டுவது முறையாகாது. ஜகாத் திரட்டும் அமைப்புகளும், மணமக்கள் தகவல் நிலையங்களும், ஹலால் உணவு விற்போரும் நம் மக்களின் பெயர்களையும் வருமானத்தையும் குடும்பச் செய்திகளையும் பதிந்து வைத்துள்ளனர். அப்பட்டியலை அடுத்தவருக்கு அளிக்குமுன் தந்தவரிடம் கேட்டோமா? தேவை முடிந்தபின் அழித்தோமா? சட்டம் கடமையாக்கும் நாளுக்குக் காத்திராமல் இவற்றுக்கு ஆம் எனச் சொல்ல இயலும் நிறுவனமே அமானிதத்தைப் பேணும் நிறுவனமாகும்.