பயன்கருதிய மணமும் பலவந்த மணமும்: தமிழ் வரலாற்று நாவல் குறித்துச் சில சிந்தனைகள்

தமிழ் வரலாற்று நாவல்கள் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரு வினாக்களையே சுற்றி வந்துள்ளன. நாவலிற் கூறப்படுஞ் செய்திகள் வரலாற்றுச் சான்றுகளோடு எத்துணைப் பொருந்துகின்றன என்பது ஒன்று. பழம்பெருமை பேசுவதன் மூலம் அவை வாசகரை நிகழ்காலப் பிரச்சினைகளிலிருந்து திசைதிருப்புகின்றனவா என்பது மற்றொன்று. இரண்டும் வேண்டியனவே. ஆயினும் இவற்றுக்கிடையே மூன்றாவது வினாவொன்று நழுவிப் போயிற்று. இந்நாவல்களில் வரும் பெண்கள் யாரை மணக்கின்றனர்? யாருடைய தேவைக்காக மணக்கின்றனர்?

இவ்வினா எம்முன் எழுந்த இடம் செங்கலடி. ஆசிரியர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவியரும் கூடும் வாசிப்பு வட்டமொன்றில் கல்கியின் நாவல்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மாமல்லன் இராச்சியத்தின் பொருட்டுப் பாண்டியன் மகளை மணந்தால் அது தியாகமாகின்றது. நந்தினி தன் நோக்கத்தின் பொருட்டுப் பழுவேட்டரையரை மணந்தால் அது மட்டும் ஏன் வஞ்சகமாகின்றது என்று மாணவி ஒருத்தி வினவினாள். அன்று எம்மிடம் தக்க விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஆட்சி, நிலம், செல்வம், பாதுகாப்பு ஆகியவற்றுள் ஒன்றை நாடிச் செய்யப்படுவது பயன்கருதிய மணம். மணப்போரின் இசைவின்றி நிகழ்த்தப்படுவது பலவந்த மணம். இவை இரண்டும் வேறானவை போலத் தோன்றினும் நிலமானியச் சமூக அமைப்பில் ஒன்றின் இரு முகங்களே. தந்தைக்குப் பயனாக அமைவது மகளுக்குப் பலவந்தமாக அமையலாம். 1884 இல் வெளிவந்த குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலில் ஏங்கெல்ஸ் இதனை விளக்கியுள்ளார். அரசனுக்கும் பிரபுவுக்கும் திருமணம் ஓர் அரசியற் செயல். அதனைத் தீர்மானிப்பது குடும்பத்தின் நலனேயன்றித் தனிமனித விருப்பமன்று என்பது அவர் கருத்தின் சாரம். சோழர் வரலாறும் இதற்குச் சான்று பகரும். முதலாம் இராசராசனின் மகள் குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு மணஞ்செய்து கொடுக்கப்பட்டாள். முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கை அவர்தம் மகனான இராசராச நரேந்திரனை மணந்தாள். இம்மணங்களின் வழிவந்தவனே 1070 இற் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். ஒரு பேரரசின் வாரிசுரிமை இரு பெண்களின் திருமணங்களினூடாகவே நகர்ந்துள்ளது. அவ்விருவரும் என்ன எண்ணினர் என்பதைக் கூறும் சாசனம் யாதுமில்லை. இந்த மௌனத்தையே வரலாற்று நாவலாசிரியர் தமது கற்பனைக்குரிய வெளியாகக் கொள்கின்றனர்.

தமிழின் முதலாவது வரலாற்று நாவலாகக் கொள்ளப்படுவது திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'. 1895 இல் சென்னையில் வெளிவந்த இந்நாவலை ஆக்கியவர் எமது கிழக்கு மாகாணத்தவர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. மதுரைச் சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளுக்கும் இடையிலான காதல் அதன் பொருள். இக்கதைக்கு அடிநிலையாக உள்ள வரலாற்றுச் செய்தியோ முற்றிலும் வேறானது. தஞ்சை நாயக்கர் பற்றிய தெலுங்கு வரலாற்று ஏடு கூறுவதன்படி, சொக்கநாதர் தஞ்சை மன்னரின் மகளை மணங்கேட்டார், விசயராகவர் மறுத்தார், மதுரைப் படை தஞ்சையைச் சூழ்ந்தது. தோல்வி உறுதியானபோது அந்தப்புரப் பெண்கள் எதிரியின் கையில் அகப்படாதவாறு வெடிமருந்தினால் அழிக்கப்பட்டனர். முதியவரான விசயராகவர் போர்க்களத்தில் மாண்டார். இது நிகழ்ந்தது 1673 இல்.

இங்கே பெண் கேட்டல் என்பது படையெடுப்பின் முன்னுரை. மகளைக் கொடுப்பது மேலாண்மையை ஏற்பதாகும். மறுப்பது போரை ஏற்பதாகும். கொடுத்தாலும் மறுத்தாலும் முடிவெடுப்போர் ஆடவரே. அந்தப்புரத்துப் பெண்களின் சாவுங்கூட அவர்களாற் தீர்மானிக்கப்படவில்லை. இத்தகைய கொடுமையை அடியிற் கொண்ட செய்தியிலிருந்து சரவணமுத்துப்பிள்ளை ஒரு காதற் கதையை எழுப்பினார்.

இதனை வெறும் வரலாற்றுத் திரிபு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவரே 1892 இல் 'தத்தை விடு தூது' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டவர் என்பதை நாம் மறத்தலாகாது. கிளியைத் தூதுவிடும் பழைய இலக்கிய வடிவத்தைக் கொண்டு பெண்விடுதலையைப் பேசிய ஆக்கம் அது. பெண்ணுக்கு விருப்பம் என்றொன்று உண்டு, மணத்தில் அதற்கு இடம் வேண்டும் என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கல்வி பெற்ற புதிய மத்தியதர வகுப்பினரிடையே உருவாகிக் கொண்டிருந்தது. அக்கருத்தை நிகழ்காலக் குடும்பமொன்றின் கதையாகக் கூறுவதிலும் நாயக்கர் அரண்மனையில் வைத்துக் கூறுவது எளிதாயிற்று எனலாம். ஆகவே 'மோகனாங்கி'யின் காதல் முற்போக்கான ஓர் உள்ளடக்கத்தைக் கொண்டது. அதே வேளையில் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் பெரிது. பெண் கேட்டுப் படையெடுத்தவனே காதலன் ஆனபோது, பலவந்தம் கண்ணுக்குப் புலப்படாது மறைந்தது. விருப்பத்தின் உரிமையை நிலைநாட்டப் புகுந்த நாவல், விருப்பத்தை மிதித்த வரலாற்றை மூடிவிட்டது. பின்வந்த தமிழ் வரலாற்று நாவல்கள் பலவற்றிலும் இம்முரண்பாடு தொடர்வதை நாம் காணலாம்.

கல்கியின் நாவல்கள் வார இதழ்களிற் தொடராக வெளிவந்தவை. 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரையும் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரையும் கல்கி இதழில் வந்தன. நடுத்தர வகுப்புக் குடும்பமே அவற்றின் வாசகர் களம். அக்குடும்பத்திற் பெண்களே பெருந்தொகையான வாசகர்கள். பெற்றோர் பார்த்து முடித்த மணத்தில் வாழ்ந்தவாறே காதற் கதையை வாரந்தோறும் எதிர்பார்த்திருந்தவர்கள் அவர்கள். இந்த வாசகரை நோக்கிக் கல்கி மூன்று வகையான தீர்வுகளை முன்வைத்தார்.

முதலாவது குந்தவையின் தீர்வு. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி எனக் குறிக்கின்றது. அம்மணம் காதலால் நிகழ்ந்ததா, சிற்றரசர் குலமொன்றைச் சோழரோடு பிணைக்க நிகழ்ந்ததா என்பதைக் கல்வெட்டுக் கூறாது. நாவலோ அதனை முழுமையான காதலாக்குகின்றது. அரசின் தேவையும் பெண்ணின் விருப்பமும் அங்கு ஒருபோதும் மோதுவதில்லை. அருண்மொழி, வானதி காதலும் இத்தகையதே. கொடும்பாளூர்க் குலத்தோடு சோழருக்கிருந்த உறவின் அரசியற் பயன் அக்காதலில் இயல்பாகவே கரைந்துவிடுகின்றது. இராசராசனுக்குத் தேவியர் பலர் இருந்தமை கல்வெட்டுகளால் அறியப்படுவது. நாவலின் காதலுலகம் அதற்கு இடங்கொடாது.

இரண்டாவது சிவகாமியின் தீர்வு. வாதாபியிற் சிறைப்பட்டிருந்து மீளும் அவள், மாமல்லன் ஏற்கெனவே பாண்டியகுமாரியை மணந்து மக்கட்பேறும் பெற்றிருப்பதை அறிகின்றாள். இறுதியில் இறைவனையே நாயகனாக வரித்துக் கொள்கின்றாள். இங்கு மாமல்லனின் மணம் வெளிப்படையாகவே பயன்கருதியது. தந்தையின் விருப்பமும் இராச்சியத்தின் நலனும் அதனை வேண்டி நின்றன. நாவல் அவனுக்காக இரங்குகின்றது. அவனை மணந்த பாண்டியகுமாரியின் உள்ளத்தையோ நாவல் அதிகம் நாடிச் செல்வதில்லை. காதலித்த பெண்ணுக்குக் கோயில், மணந்த பெண்ணுக்கு அரண்மனை என்று பங்கிட்டுக் கொடுத்தபின், அரசனின் கடமையுணர்வு மாசின்றி எஞ்சுகின்றது.

மூன்றாவது நந்தினி. அறுபது வயது கடந்த பெரிய பழுவேட்டரையரை அவள் மணப்பது, பாண்டியர் பொருட்டுப் பழிவாங்கச் சோழ அரசின் உள்ளே நுழைவதற்காக. எடுப்பும் தொடுப்பும் அவளுடையவை. இம்மணத்துக்கு அவளை எவரும் கொடுக்கவில்லை. குலமின்மை காரணமாக அரச குடும்பத்தாற் புறந்தள்ளப்பட்ட ஒருத்தி, அரசர் வழக்கமாகக் கையாளும் கருவியையே தானும் கையில் எடுக்கின்றாள். செங்கலடி மாணவியின் வினாவுக்குரிய விடை இங்கேதான் உள்ளது. மணத்தை அரசியற் கருவியாகக் கொள்வது இந்நாவல்களிற் குற்றமாகக் கருதப்படவில்லை. அக்கருவியைப் பெண்ணொருத்தி தானே கையாள்வதுதான் குற்றமாகின்றது. ஆடவன் செய்தால் இராசதந்திரம். பெண் செய்தால் மாய வலை. நந்தினியின் அழகைக் குறிக்க நாவலில் மீண்டும் மீண்டும் நஞ்சும் நாகமும் நினைவூட்டப்படுவதன் கருத்துநிலைக் காரணம் இதுவே என்பது எமது துணிபு. ஆயினும் கல்கி அவளைத் தட்டையான தீயவளாகப் படைக்கவில்லை. அவளது துயரை அவர் உணர்ந்தே எழுதியுள்ளார். அதனாற்றான் வாசகர் குந்தவையை மதித்து, நந்தினியை நினைவில் வைத்திருக்கின்றனர்.

ஒப்பீட்டுக்காக ஸ்கொட்லாந்து நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட்டை நோக்கலாம். 1819 இல் வெளிவந்த 'லாமர்மூரின் மணமகள்' என்ற நாவலில், லூசி தான் விரும்பிய ரேவன்ஸ்வுட்டை விடுத்து வேறொருவனை மணக்குமாறு தாயால் வற்புறுத்தப்படுகின்றாள். மணவிரவில் மணமகனைக் கத்தியாற் குத்திச் சித்தங்கலங்கி மடிகின்றாள். அக்கதையின் பின்னணியில் இருப்பது ரேவன்ஸ்வுட் குடும்பத்தின் நிலம் அஷ்டன் குடும்பத்தின் கைக்கு மாறிய வரலாறு. பழைய பிரபுத்துவம் வீழ்ந்து புதிய செல்வர் எழும் மாற்றத்தை ஒரு பெண்ணின் உடலிலும் உள்ளத்திலும் ஸ்கொட் காட்டிவிடுகின்றார். வரலாற்றுச் சக்திகளின் மோதலைத் தனிமனித வாழ்வினூடாகப் புலப்படுத்துவதே ஸ்கொட்டின் சாதனை என லூக்காச் மதிப்பிட்டமை இதனாலேயே. ஸ்கொட் முடியாட்சியை மதித்த பழைமைவாதி. எனினும் பலவந்தத்தைப் பலவந்தமாகவே எழுதினார்.

இனி எம் மண்ணுக்கு வருவோம். மட்டக்களப்பில் வழங்கும் வாய்மொழி மரபொன்று, முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரைப் பற்றியது. முக்குவர் முஸ்லிம்களின் துணையோடு திமிலரை வடக்கு நோக்கித் துரத்தினர் என்பது கதை. சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை, சந்திவெளி, ஏறாவூர் முதலிய ஊர்ப்பெயர்களுக்கு மக்கள் இப்போரைக் கொண்டே விளக்கங் கூறுவர். செங்கலடியைச் சுற்றியுள்ள நிலமே இக்கதையின் களம். துணைநின்றோருக்குக் கைம்மாறாக முக்குவர் தம் பெண்களை மணஞ்செய்து கொடுத்தனர் என்பதோடு கதை முடிகின்றது. இப்பகுதித் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை பொதுவாக நிலவுவதற்கும் இக்கதை காரணமாகக் கூறப்படுவதுண்டு.

இதனை வரலாறெனக் கொள்ள வேண்டியதில்லை. ஆயின் ஒரு சமூகம் தன் உறவுகளை எவ்வாறு விளங்கிக் கொண்டது என்பதற்கு இது சான்று. இக்கதையை நாம் பெருமையோடு சொல்லி வந்துள்ளோம். இரு இனத்தாரின் உறவுக்குச் சாட்சியாகவும் சொல்லி வந்துள்ளோம். 1990 இல் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகளின் பின் அவ்வாறு சொல்ல வேண்டிய தேவை பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. எனினும் கொடுக்கப்பட்ட அப்பெண்களுள் ஒருத்தியின் பெயரையேனும் கதை கூறுவதில்லை. உறவின் பாலமாக அமைந்தோர் அவர்கள். பாலத்தைக் கடந்தோரை மட்டுமே கதை நினைவு கூர்கின்றது.

தாய்வழி முறை பெண்ணுக்கு விடுதலை அளித்தது என்ற கருத்தும் இங்கு மீளாய்வுக்குரியது. முக்குவர் வழமையில் முதுசொம் பெண்வழியாக இறங்கினும், அதனை ஆண்டோர் பெண்ணின் சகோதரரும் மருமக்களுமாகிய ஆடவரே. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்பின் அவ்வழமை வழக்கிழந்தது. வீடும் வயலும் சீதனமாக மகளுக்குச் சேரும் முறை நிலைத்தது. போடியார் குடும்பத்திற் பெண்ணின் மணமென்பது வயற்காணியின் இடமாற்றமாயிற்று. இன்றும் மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்வதை நாம் காண்கின்றோம். சொத்து பெண்ணின் பெயரில் இருப்பதனால் மட்டும் விருப்பம் அவள் கைக்கு வந்துவிடுவதில்லை.

போர்க்காலம் இதற்கு இன்னுமொரு முகத்தைக் கொடுத்தது. கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய பெற்றோர், பருவம் நிரம்பாத பெண்மக்களை அவசரமாக மணஞ்செய்து வைத்தனர். அங்கே திருமணம் ஒரு கேடயம். அஞ்சியது பெற்றோர், காக்க விரும்பியதும் பெற்றோரே, ஆயினும் பள்ளிப் படிப்பை இழந்தவள் மகள். பயன்கருதிய மணம், பலவந்த மணம், அன்பினால் நிகழ்ந்த மணம் என்ற பாகுபாடுகள் யாவும் அத்தகைய பெண்ணின் வாழ்க்கையில் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடக்கின்றன. குந்தவையின் கதையில் அவளுக்கு இடமில்லை. நந்தினியிடத்தே அவள் தன்னைச் சிறிது காணக்கூடும்.

இவ்வாறு கூறுவது நாவலைச் சமூகவியல் அறிக்கையாக்குவதாகும் எனச் சிலர் மறுக்கலாம். காதற் கதையை விரும்பும் வாசகரை நாம் பழிக்கவில்லை. எம் அணியைச் சேர்ந்த திறனாய்வாளர் சிலர் வரலாற்று நாவலை வெறும் போதையெனக் கூறி ஒதுக்கியமை போதாதென்றே கருதுகின்றோம். பார்த்து முடிக்கப்பட்ட மணத்தில் வாழும் பெண்ணொருத்தி காதற் கதையைத் தேடிப் படிப்பதில் நியாயமான வேட்கையொன்று உண்டு. தன் இசைவு கேட்கப்பட வேண்டும் என்பதே அவ்வேட்கை. நாவல்கள் அவ்வேட்கையை அரசகுமாரிக்கு மட்டும் நிறைவேற்றிக் கொடுத்து வாசகியை வெறுங்கையோடு அனுப்பிவிடுகின்றன என்பதே எமது குறைபாடு.

சரவணமுத்துப்பிள்ளை தொடக்கிவைத்த பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. கிழக்கிலங்கையின் வரலாற்றை நாவலாக்க முனைவோருக்கு ஏறாவூர்ப் போர்க்கதை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அதில் முக்குவரும் உளர், திமிலரும் உளர், துணைவந்தோரும் உளர். கொடுக்கப்பட்ட பெண்ணின் வாயிலாக அப்போரை ஒருவர் எழுதுவாராயின், செங்கலடி மாணவியின் வினாவுக்கு எம்முடையதைக் காட்டிலும் சிறந்த விடையாக அது அமையும்.