இரவல் உடல்

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் திருவாய்மொழி நடத்திக்கொண்டிருந்தேன். நம்மாழ்வார் பெண் குரலில் பாடிய பதிகங்கள் 27 என்று வைணவ மரபு கணக்கிட்டு வைத்திருக்கிறது. மகள் கூற்று 17, தாய் கூற்று 7, தோழி கூற்று 3. பெண்ணாகும்போது அவருக்குப் பராங்குச நாயகி என்று பெயர். திருமங்கையாழ்வாருக்குப் பரகால நாயகி. இவற்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "ஆம்பளை பொண்ணா மாறி ஏங்கினா பக்தி மேம். பொண்ணுங்க ரெண்டு ஆம்பளைங்களை வச்சு காதல் கதை எழுதினா, படிச்சா, அது மட்டும் ஏன் கேவலம்?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அவள் எதைச் சொல்கிறாள் என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானியச் சித்திரக்கதைகளான மாங்காவில் 'பாய்ஸ் லவ்' என்றொரு வகை உண்டு. சுருக்கமாக பி.எல். ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகள். எழுதுவோரும் வரைவோரும் பெரும்பாலும் பெண்கள், வாசகர்களும் பெரும்பாலும் பெண்கள். மணியடித்த பிறகு அந்த மாணவி வராந்தாவில் என் பின்னாலேயே வந்து மெதுவாகக் கேட்டாள்: "நீங்க படிச்சிருக்கீங்களா மேம்?"

"கேள்விப்பட்டிருக்கேன்மா" என்றேன்.

பொய். முந்தைய இரவு ஒன்றரை மணி வரை, விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள், இரண்டு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டவள், மேடைகளில் உடலரசியல் பேசுகிறவள். எதற்காக அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னேன் என்று யோசிக்கத் தொடங்கியதில் எழுதியது இந்தக் கட்டுரை.

*

ஒளித்துப் படிப்பதில் எனக்கு முன்அனுபவம் உண்டு. நான் வளர்ந்தது கோபாலபுரத்தில். 1955இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் எங்கள் லாயிட்ஸ் சாலையில்தான் இருந்தது. தொண்ணூறுகளில் எங்கள் தெருப் பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே நின்று பேச அனுமதிக்கப்பட்ட சில இடங்களில் அதுவும் ஒன்று. அம்மாக்கள் ரமணிசந்திரன் எடுப்பார்கள். அக்காக்கள் மில்ஸ் அண்ட் பூன் எடுத்து, நாளிதழில் அட்டை போட்டு, பாடப்புத்தகத்துக்கு நடுவே வைத்துக்கொள்வார்கள். அட்டையைப் பிரித்து அம்மா ஒருநாள் பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் படி" என்றாள். ஆசை என்பது உரிமம் வாங்கிய பிறகு செய்யும் தொழில் என்று பதினான்கு வயதில் புரிந்துகொண்டேன்.

அந்தக் காதல் நாவல்களைப் படித்த மகிழ்ச்சியை நான் மறுக்கமாட்டேன். ஆனால் படிக்கும்போது எனக்குள் ஒரு காவல்காரியும் விழித்திருப்பாள். நாயகன் முரடனாக இருப்பான். கையைப் பிடித்து இழுப்பான். பின்னால் அதுவே அன்பு என்று நிரூபணமாகும். நாயகி எவ்வளவு விலகினாள், எப்போது இணங்கினாள், அந்த இணக்கம் மரியாதைக்கு உட்பட்டதா என்று என் உடல் அவளுக்காகக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவள் தவறினால் நான் தவறியதுபோல. கதைக்குள்ளும் எனக்கு ஓய்வில்லை.

பல ஆண்டுகள் கழித்து, மணமுறிவுக்குப் பிந்தைய ஓர் இரவில், யாரோ ஒருவரின் பரிந்துரையில் முதல் பி.எல். மாங்காவைத் திறந்தேன். நாற்பது பக்கம் போன பிறகுதான் கவனித்தேன், அந்தக் காவல்காரியைக் காணவில்லை. இருவரும் ஆண்கள். யாருடைய கற்பும் பணயத்தில் இல்லை. கர்ப்பம் இல்லை, சீர்வரிசை இல்லை, நாத்தனார் இல்லை. பெண் உடல் என்ற ஒன்றே காட்சியில் இல்லாததால் அதைக் காக்கும் வேலையும் எனக்கு இல்லை. ஆசையை ஆசையாக மட்டும் பார்க்க முடிந்தது. எப்போது, யாருக்கு, எப்படி அது முளைக்கிறது என்று ஆற அமரப் பார்க்க முடிந்தது. அது எனக்குப் புதிய இன்பம்.

*

இந்த வகையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1950, 60களில் ஜப்பானியச் சிறுமிகளுக்கான மாங்காவைப் பெருமளவு வரைந்தவர்கள் ஆண்கள். எழுபதுகளில் ஒரு புதிய பெண்கள் அணி அந்த இதழ்களுக்குள் நுழைந்தது. பெரும்பாலோர் 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அது ஷோவா 24ஆம் ஆண்டு என்பதால் அவர்களுக்கு '24ஆம் ஆண்டு அணி' என்றே பெயர். அவர்களில் ஹாகியோ மோதோ 1974இல் 'தாமஸின் இதயம்' வரைந்தார். களம், ஜெர்மனியில் ஒரு விடுதிப் பள்ளி. தாகேமியா கெய்கோவின் 'காற்றும் மரங்களும் பாடும் பாட்டு' 1976இல் தொடங்கியது; களம், பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில் இன்னொரு விடுதிப் பள்ளி. இரண்டு பையன்கள் படுக்கையில் இருப்பதுதான் தொடக்கக் காட்சி. அதை வெளியிடப் பதிப்பாசிரியர்கள் தயங்கியதால் தாகேமியா ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் ஜெர்மனி, ஏன் பிரான்ஸ், ஏன் பையன்கள்? தன் ஊர், தன் காலம், தன் பால் என்ற மூன்றையும் விட்டு வெளியேறினால்தான் ஒரு ஜப்பானியப் பெண்ணால் ஆசையைப் பற்றி நிம்மதியாக யோசிக்க முடிந்தது. பின்னாளில் இந்த வாசகிகள் தங்களுக்குத் தாங்களே 'ஃபுஜோஷி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். குலப்பெண்டிர் என்ற பொருள் தரும் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினால் 'அழுகிய பெண்' என்றாகிவிடும் சிலேடை அது. பிறர் திட்டுவதற்கு முன் நாமே திட்டிக்கொள்வது! நம் ஊர்ப் பெண்களுக்கும் நன்றாகத் தெரிந்த தற்காப்பு.

எனக்கும் தெரியும். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வெளியானபோது நான் இருபதுகளில் இருந்தேன். அவர் மீதும், சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி மீதும் ஆபாசம் என்ற குற்றச்சாட்டு பொழிந்தது. இவர்களை நிறுத்திவைத்து எரிக்க வேண்டும் என்றுகூடப் பேச்சு எழுந்தது. அப்போது என் முதல் தொகுப்பு கையெழுத்துப் படியாக இருந்தது. அதில் ஒரு காமக் கவிதை. அச்சுக்குப் போகும் முந்தைய நாள் அதிலிருந்த 'நான்' என்ற சொல்லை 'அவன்' என்று மாற்றினேன். நூல் வெளியானதும் அந்தக் கவிதையைத்தான் பாராட்டினார்கள். ஆணின் தவிப்பை ஒரு பெண் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்கிறாள் என்று எழுதினார் ஒரு விமர்சகர்.

எனவே என் மாணவியின் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. ஓர் உடலை இரவல் வாங்குவது தமிழில் புதிதல்ல. அகப்பாடல்களில் தலைவியாகவும் தோழியாகவும் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண் புலவர்களே. எங்கள் லாயிட்ஸ் சாலைக்குப் பின்னால் ஔவை சண்முகம் சாலை என்று பெயர் வைத்தார்கள். நாடக மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்று, அந்தப் பெயரையே அடைமொழியாகப் பெற்ற டி.கே. சண்முகத்தின் பெயர் அது. ஓர் ஆண் பெண்ணாக நின்றதற்கு மாநகரம் ஒரு சாலையைத் தந்திருக்கிறது. அதே சாலையில், ஓர் ஆணின் கண்வழியே இன்னோர் ஆணைப் பார்க்க விரும்பிய பெண் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டு நடந்தாள். 2018இல் சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில், ஆண்-ஆண் காமத்தை எழுதி விற்ற ஒரு பெண் எழுத்தாளருக்கு ஆபாச வெளியீட்டுக் குற்றத்துக்காகப் பத்தரை ஆண்டு சிறை விதித்தார்கள். பெண் உடலுக்குள் போன ஆண் ஞானத்தோடு திரும்புகிறான். ஆண் உடலுக்குள் போன பெண் கெட்டுத் திரும்புகிறாள். இந்த அளவுகோல்தான் என்னை வராந்தாவில் பொய் சொல்லவைத்தது. அந்தக் குற்றவுணர்வை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அது என்னுடையதல்ல.

*

கட்டுரையை இங்கேயே முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் இன்னொரு குற்றவுணர்வு மிச்சமிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

முதலாவது, காவல்காரி உறங்கியபோது நான் எவற்றையெல்லாம் அனுமதித்தேன் என்பது. பி.எல். மாங்காவில் இருவரில் ஒருவன் 'செமெ', அணுகுபவன். மற்றவன் 'உகே', ஏற்பவன். முன்னவன் உயரம், தோள் அகலம், பேச்சு குறைவு. பின்னவன் மெலிவு, பெரிய கண்கள், எளிதில் கண்ணீர். பழைய கதைகள் பலவற்றில் முதல் கூடல் வன்புணர்வாகவே வருகிறது. பின்னால் அதுவே காதலாக மன்னிக்கப்படுகிறது. பதினான்கு வயதில் நான் படித்த முரட்டு நாயகனேதான். அவனை நாயகியிடமிருந்து விலக்கி ஒரு பையனிடம் விட்டுவிட்டு, இப்போது எனக்கு வலிக்கவில்லை என்று ரசித்திருக்கிறேன். பெண் வேண்டாம் என்றாலும் வேண்டும் என்றே பொருள் என்ற பொய்யை எதிர்த்து வகுப்பில் பேசும் நான், 'பெண்' என்ற சொல் இருந்த இடத்தில் 'பையன்' என்று போட்டால் அதை நம்பத் தயாராக இருந்தேன். அண்மைக்காலப் படைப்புகள் பலவற்றில் சம்மதம் பற்றிய கவனம் கூடியிருக்கிறது. அது என் பழைய ரசனைக்கு மன்னிப்பாகாது.

இரண்டாவது, அந்த உடல்களின் சொந்தக்காரர்கள். 1992இல் ஜப்பானில் ஒரு சிறு பெண்ணிய இதழில் சாதோ மாசாகி என்ற தற்பால் ஈர்ப்பாளர் இந்தக் கதைகளின் வாசகிகளைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். எங்களைப் போன்ற நிஜ மனிதர்களுக்கும் உங்கள் அழகிய பையன்களுக்கும் என்ன தொடர்பு, எங்களை வேடிக்கைப் பொருளாக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது என்பதே அவர் கேள்வியின் சாரம். பெண்கள் பதில் எழுதினார்கள். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதைப் பற்றிப் படித்தபோது அது தொலைவில் நடந்த சண்டையாகத்தான் எனக்குத் தோன்றியது.

அதை அருகில் கொண்டுவந்தவன் என் பழைய மாணவன். 377ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்த சில மாதங்களுக்குப் பிறகு, தன்னைப் பற்றி என்னிடம் முதன்முதலாகச் சொன்னவன். அவனிடம் ஏதோ துணிச்சலில் இந்த மாங்காக்களைப் பற்றிச் சொல்லி, ஒன்றைப் படிக்கவும் கொடுத்தேன். அவனுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தான். "நல்லாத்தான் இருக்கு மேம். ஆனா இதுல எங்க அம்மா வரவே இல்லையே" என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு எவை இல்லாததால் அந்தக் கதை இன்பமாக இருந்ததோ, அவையெல்லாம் அவன் வீட்டு வாசலில் நின்றிருந்தன. பெண் பார்க்கும் படலம், சாதிக்குள் வரன், ஒரே மகன், "நான் செத்துட்டா நிம்மதியா இருப்பியா" என்று கேட்கும் தாய். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்த் தங்கிய வீட்டில் அவனுக்கு அன்றாடம் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது.

மூன்றாவது, எனக்கு இன்னும் உறுத்துவது. பெண் உடலைக் காட்சியிலிருந்து நீக்கினால் பெண்ணும் பெண்ணும் நேசிப்பதும் சேர்ந்து நீங்கிவிடுகிறது. இந்தக் கதைகளில் பெண் வந்தால் இடையூறு செய்யும் வருங்கால மனைவியாக வருவாள், அல்லது ரசித்துச் சிரிக்கும் தோழியாக. மதுரையிலிருந்து பெற்றோரின் எதிர்ப்பை மீறிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம் பெண்கள் தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஆணை பிறப்பித்தார். தனக்கிருந்த முன்முடிவுகளை ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே அவர் எழுதினார். அந்தப் பெண்கள் தங்கள் உடலோடுதான் பேருந்து ஏறினார்கள். இரவல் வாங்க அவர்களுக்கு வழியில்லை. கற்பனையில்கூட நான் போகத் துணியாத தொலைவை அவர்கள் நிஜத்தில் கடந்தார்கள்.

*

அதனால் படிப்பதை நிறுத்திவிட்டேனா? இல்லை. இப்போதும் படிக்கிறேன், இப்போதும் பிடிக்கிறது. பெண்ணுக்கு அவளுடைய உடலில் ஆசை பாதுகாப்பாக இல்லாத வரை அவள் வேறு உடல்களைத் தேடிப் போகத்தான் செய்வாள். அதை அவளுடைய ஒழுக்கக்கேடு என்பவர்கள், அவளை அங்கே துரத்தியது எது என்று முதலில் கேட்கட்டும்.

ஆனால் வாடகை நூலகத்தில் வளர்ந்தவளுக்கு ஒரு விதி மறக்காது. எடுத்தது உன்னுடையதல்ல, தாமதித்தால் கூடுதலாகக் கட்ட வேண்டும். நான் கட்ட வேண்டியது என்னவென்று இப்போது ஓரளவு தெரிகிறது. ஒப்பனையில்லாத அந்த மாணவனின் வாழ்க்கையைக் கேட்கும்போது, மாங்காவுக்கு நான் தந்த அதே பொறுமையைத் தருவது. வன்முறையைக் காதலென்று காட்டும் பக்கத்தில் பையன் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்பது. நான் விட்டுவந்த உடலுக்குத் திரும்பிவருவது.

அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில் அந்த மாணவியின் கேள்வியை நானே எழுப்பினேன். நானும் படிக்கிறேன் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை; சிலர் குனிந்துகொண்டார்கள்; அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவர்களிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். விரும்பிய யாருடைய குரலிலும் ஒரு பக்கம் எழுதுங்கள். அதையே மறுபடி உங்கள் குரலில், 'நான்' என்று தொடங்கி எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தை என்னிடம் காட்ட வேண்டியதில்லை.

நானும் எழுதினேன். என் முதல் தொகுப்பின் மறுபதிப்பு வரவிருக்கிறது. அந்தக் கவிதையில் 'அவன்' என்ற சொல்லை அடித்துவிட்டு, பழைய சொல்லையே எழுதி அனுப்பியிருக்கிறேன்.