ஒரு சிசி

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய ராட்சத எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் திருகோணமலையில், நான் ரசிப்பது ஒரு சிசி மண்ணெண்ணெயை. 50 மில்லிமீற்றர் துளையுள்ள 97 சிசி மோட்டார் சைக்கிள். அதன் வளைந்த சிலிண்டர் ஹெட்டை அரை மில்லிமீற்றர் சீவினால் எரியறையில் ஏறக்குறைய ஒரு சிசி குறையும். அற்பம்தானே? 9க்கு 1 என்றிருந்த அமுக்க விகிதம் 9.7 ஆகிவிடும், மேட்டில் ஏறும்போது இஞ்சின் தட்டத் தொடங்கலாம்.

கணக்கை மட்டும் நம்பாத மெக்கானிக்கைத்தான் எனக்குப் பிடிக்கும். எரியறையின் கொள்ளளவை அளக்க ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் பூட்டி, வால்வு ஓரங்களில் கிறீஸ் தடவி, துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டால் மூடுவார். சிரிஞ்சால் மண்ணெண்ணெய் இறங்கும். ஹெட்டைச் சற்றுச் சரித்துக் கடைசிக் குமிழியையும் துளைக்கு ஓட்டிய பிறகே அளவுகோட்டைப் பார்ப்பார். சிலிண்டரையும் அரை மில்லிமீற்றர் கடைந்திருந்தால் கொள்ளளவு இரண்டு சிசி கூடியிருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் கேஸ்கட்டின் தடிப்பைத் தீர்மானிப்பார்.