பொன்னர் வேஷம் யாருக்கு?

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பொன்னர் சங்கர் கூத்துப் போட்டால் கைதட்டெல்லாம் தம்பி சங்கருக்குத்தான். தப்பு உச்சத்துக்கு ஏறும்போது வாளைச் சுழற்றியபடி அவர் பாய்ந்து வருவார். லயத்துப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். அதனாலேயே நல்ல ஆட்டக்காரரைச் சங்கராக்கிவிட்டு, மிஞ்சியவர்களில் ஒருவரை அண்ணன் பொன்னராக நிறுத்திவிடுகிறார்கள். கூத்து அங்கேதான் தளர்கிறது என்பது என் கட்சி.

செர்கெய் போத்ரோவ் இயக்கிய ‘மங்கோல்’ (2007) படத்தைப் பார்த்தபோது இந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. தெமுஜின் என்ற சிறுவன் செங்கிஸ்கானாக உயரும் கதை அது. தகப்பனை நஞ்சு வைத்துக் கொன்றதும், சொந்தக் கூட்டமே குடும்பத்தை அம்போவென்று விட்டுப் போய்விடுகிறது. பங்காளிகளின் வஞ்சகத்தால் அலைக்கழிந்த, பொன்னர் சங்கரின் தகப்பன் குன்றுடையான் வீட்டுக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

அதில் தெமுஜினின் நண்பனாயிருந்து எதிரியாகும் ஜமுகாவாக வரும் சீன நடிகர் சுன் ஹோங்லெய் ஒரு சங்கர். கழுத்தைச் சொடுக்குகிறார், உறுமுகிறார், சிரிக்கிறார். வருகிற காட்சியையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். தெமுஜினாக வரும் ஜப்பானிய நடிகர் தடனோபு அசானோ அதற்குப் போட்டியாக எதையும் செய்வதில்லை. தங்குத் நகரில் கூண்டில் அடைபட்டுக் கிடக்கையில் கண் மட்டுமே அசைகிறது. கடைசிப் போரில் இடி முழங்க, வீரர்கள் அஞ்சிப் பதுங்குகிறார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார். பின்னால் படை திரள்வதற்கு அந்த நிலையே போதுமான காரணமாகிவிடுகிறது. 1206இல் அத்தனை குலங்களும் தலைவனாக ஏற்ற மனிதன் இவன்தான் என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

கலைஞர் கருணாநிதியின் கதையைத் தியாகராஜன் 2011இல் ‘பொன்னர் சங்கர்’ ஆக எடுத்தபோது இரண்டு வேஷத்தையும் பிரசாந்தே கட்டினார். அரண்மனையும் குதிரையும் ஏராளம். ஆனால் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகம், ஒரே வேகம். பொறுமைக்கும் ஆவேசத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இழுபறி கரைந்துபோனது. நம் தோட்டத்து மேடையில் வசதி குறைவுதான்; அந்த இழுபறியைக் காட்ட இரண்டு ஆட்கள் இருக்கிறார்களே!

பொன்னராக நிற்பது லேசான வேலையல்ல. தப்புக்காரர் விடாமல் அடிக்கிறார், கால் தானாகத் துள்ளுகிறது. அதை அடக்கிக்கொண்டு, தம்பியின் பாய்ச்சலுக்குக் கண்ணாலேயே கடிவாளம் போட வேண்டும். படுகளத்தில் தம்பி சாய்ந்ததைப் பார்த்துவிட்டுத் தானும் வாளில் விழுகிறாரே, அந்த இடைவெளி முழுக்கப் பொன்னருடையது. அதுவரை அவரைச் சனம் கவனித்திருந்தால்தான் அப்போது நெஞ்சு அடைக்கும். இல்லாவிட்டால் தங்கை அருக்காணி தங்காள் ஓடிவந்து ஒப்பாரி வைக்கும்வரை களம் வெறிச்சென்று கிடக்கும். விடியப் போகிற நேரம், காலையில் வேலைக்குப் பெரட்டில் நிற்க வேண்டிய சனம். பாதிப் பேர் போர்வையைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே வாத்தியார்மார் அடுத்த ஒத்திகையில் வேஷத்தை மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சங்கருக்கு இளசுகள் தோட்டத்துக்குத் தோட்டம் கிடைப்பார்கள். முழங்கால் வலி என்று ஆட்டத்தை விட்டு ஒதுங்கியிருக்கும் மூத்த ஆட்டக்காரர்களின் வீட்டுக்குப் போய், பொன்னர் கட்ட வரச் சொல்லிக் கேளுங்கள்.