பரீட்சை எழுத்து

போன தீபாவளிக்குத் தைப்பிங் போயிருந்தேன். இரவு ஒரு மணிக்கு அக்கா மகள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். படிவம் நான்கு மாணவி. டிக்டாக் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். வாட்பேட். ஒரு மலாய்க் காதல் கதையின் நாற்பத்தோராவது அத்தியாயம். பத்திக்குப் பத்தி முன்பின் தெரியாத பிள்ளைகள் எழுதிவைத்த கருத்துகள். அவற்றையும் விடாமல் படிக்கிறாள். 'இப்பல்லாம் யாரு படிக்கிறா' என்று நம் இலக்கியக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்துப் புலம்புகிறோமே, அந்த 'யாரு' என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள்தானே என்று, எனக்குப் பிடித்த சிறுகதை ஒன்றின் இணைப்பைப் புலனத்தில் அனுப்பினேன். மறுநாள் ஆங்கில எழுத்தில் பதில் வந்தது: "ரொம்ப நீளம் மாமா." முந்தின இரவு அவள் படித்தது அதைவிட நாலு மடங்கு இருக்கும். நேரில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"கதை ஓகே மாமா. ஆனா அந்த எழுத்தப் பார்த்தாலே எக்ஸாம் ஞாபகம் வருது."

கைப்பேசி வாசிப்பைக் கொல்கிறது என்று சொல்கிறவர்கள் இந்தப் பதிலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவள் வாசிப்பை அது கொல்லவில்லை, வளர்த்தே இருக்கிறது. அவளிடமிருந்து அது எடுத்துக்கொண்டது வேறொன்று. தமிழெழுத்தை இன்பத்தின் பக்கமிருந்து தூக்கிப் பரீட்சையின் பக்கம் வைத்துவிட்டது.

எப்படி என்று யோசித்தால் என் சிறுவயதுதான் ஞாபகம் வருகிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமை தமிழ் நேசன் வாங்குவார். நான் படித்தது சினிமாச் செய்தி, துணுக்கு, ராசிபலன், மாணவர் பக்கம். ஒன்றுகூட இலக்கியம் கிடையாது. ஆனால் 'போய்க்கொண்டிருந்தான்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டாமல், ஒரே பார்வையில் விழுங்க என் கண் பழகியது அந்த வெட்டிப் படிப்பில்தான். பிறகு நாவல் கைக்கு வந்தபோது கண் தயாராக இருந்தது. 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றது. அக்கா வீட்டில் இப்போது எந்த நாளிதழும் வருவதில்லை.

இன்று வெட்டிப் படிப்பு முழுக்கக் கைப்பேசியில். அங்கே அவள் தோழிகளோடு பேசும் தமிழ் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. மீம்ஸும் பாட்டு வரிகளும் அப்படியேதான். ஆஸ்ட்ரோவில் தமிழ்ப் படம் பார்த்தால் கீழே ஓடுவது மலாய். ஒரு நாளில் அவள் கண் தமிழெழுத்தைச் சந்திக்கும் ஒரே இடம் எஸ்.பி.எம். தமிழ்ப் பயிற்சிப் புத்தகம். அதிலும் ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் காத்திருக்கிறது. பிறகு எங்கிருந்து சிரிப்பு வரும்?

ஜெயமோகன் 2013-இல், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் என்ன என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். பெரிய சண்டை நடந்தது. திட்டியவர்களில் பலர் அவர் சுட்டிய நோயைப் பார்க்க மறுத்தார்கள் என்று எனக்குப் படுகிறது. ஆங்கில எழுத்தில் வேகமாக ஓடும் கண் தமிழெழுத்தில் தடுக்கி விழுகிறது என்பது அக்கா வீட்டு வரவேற்பறையில் நான் பார்த்த உண்மை. நோயைச் சரியாகச் சொன்னார். மருந்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் காரணம் நடைமுறை சார்ந்தது. ஆங்கில எழுத்தில் பழமும் பலமும் பாலமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விழும். 'சாப்டியா' என்று இரண்டு வரி பேசுவதற்குச் சிக்கலில்லை, சூழல் காப்பாற்றிவிடும். இருநூறு பக்கத்துக்கு அப்படி ஊகித்துக்கொண்டே போனால் மூளை களைத்துவிடும். இரண்டாவது காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. மலாய் மொழி ஜாவியிலிருந்து ரூமிக்கு மாறியது. 1849-இல் ஜாவியில் அச்சான முன்ஷி அப்துல்லாவின் 'ஹிகாயத் அப்துல்லா'வை இன்று படிக்க நினைக்கும் மாணவருக்கு ரூமிப் பதிப்பு கிடைக்கிறது, ஏனென்றால் யாரோ அதை மாற்றிவைத்தார்கள். மாற்றப்படாத ஜாவி நூல் அவருக்கு மூடிய அலமாரி. நம் அலமாரியை மாற்றித் தர யார் இருக்கிறார்கள்?

ஆக, அக்கா மகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வேகமாகப் படிக்கத் தெரிந்த எழுத்தில் தமிழ் நாவல் இல்லை. நாவல் இருக்கும் எழுத்தில் வேகம் இல்லை.

இதற்கு நாம் செய்யும் உதவி என்ன? பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி, பி.டி.எஃப். ஆக்கி, 'தமிழ் மின்னூல்' என்று பெருமைப்படுகிறோம். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் ஆறு அங்குலத் திரையில் அந்தப் பக்கத்தை விரலால் விரித்து, இடமும் வலமும் இழுத்துத்தான் படிக்க வேண்டும். வாட்பேட்டில் எழுத்து திரைக்கு ஏற்றபடி தானே அமைகிறது, கூடவே பேசுவதற்கு நூறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன்: இப்படி ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வாங்காதவனைக் குறை சொல்ல எந்தத் தொழிற்சாலையிலும் முடியாது.

இதில் வேடிக்கை, கைப்பேசியில் தமிழெழுத்தை முதலில் சாத்தியமாக்கியவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-லேயே வந்துவிட்டது. கருவி இருபது வருடமாக இருக்கிறது. பழக்கம்தான் இல்லை. என்னிடமும் இல்லை. இந்த இதழுக்குத் தமிழில் கட்டுரை எழுதும் நானே அவளுக்கு 'ஓகேமா, சாப்டியா' என்று ஆங்கில எழுத்தில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். தமிழெழுத்தைப் பரீட்சைக்குத் தள்ளியதில் எனக்கும் பங்கு உண்டு.

அதனால் கதை அனுப்புவதை நிறுத்தினேன். வெட்டிப் பேச்சைத் தமிழெழுத்தில் ஆரம்பித்தேன். தொழிற்சாலைக் கேண்டீன் மீன்கறி பற்றி, என் மேலாளரின் குறட்டை பற்றி. அவள் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழில் விழும் வகை. விரலுக்குப் பழைய வழி, கண்ணுக்குப் புது வழி. முதல் மாதம் கோபப்பட்டாள். அப்புறம் ஒருநாள் நான் 'வேளை அதிகம்' என்று அனுப்பியதற்கு, "மாமா, அது வேலை. இதுல கட்டுரை வேற எழுதுறீங்க" என்று பதில் வந்தது. கூடவே ஆறு சிரிப்புப் பொம்மைகள்.

அந்தச் சிறுகதையை இன்னும் படிக்கவில்லை. கேட்டால் "அப்புறம் மாமா" என்கிறாள். தமிழெழுத்தில்.