பாராட்டும் பாதுகாப்பும்

எழுத்துரிமைக்காகத் துன்புற்றோரைச் சிறப்பித்தல் இன்று உலகெங்கும் ஒரு வழக்காக நிலைபெற்றுவிட்டது. 1993ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை எடுத்த முடிவின்படி, மே மாதம் 3ஆம் நாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினமாகக் கொண்டாடப்படுகின்றது. கொலம்பிய நாட்டுப் பத்திராதிபர் கில்லெர்மோ கானோ 1986 டிசம்பரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பெயராலே யுனெஸ்கோ நிறுவனம் 1997 முதல் ஒரு பரிசினை வழங்கி வருகின்றது. கவிஞர்க்கும் கேலிச்சித்திரம் வரைவோர்க்கும் இத்தகைய விருதுகள் பலவுள. இவையெல்லாம் நல்லனவே. ஆயினும், சிறப்பு எப்பொழுது செய்யப்படுகின்றது, யாருக்குச் செய்யப்படுகின்றது, செய்தபின் அவர் காத்த உரிமை என்னாயிற்று என்னும் மூன்று வினாக்களை எழுப்பாது கைகொட்டி அமைதல் ஆராய்வார்க்குத் தகாது. இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு இவ்வழக்கினை மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலவரைப் போற்றிய வரலாறு கூறவேண்டுமிடத்து, நம்மவர் மேடைதோறும் எடுத்துக்காட்டுவது மோசிகீரனார் செய்தியாகும். முரசுகட்டிலிலே அறியாது துயின்ற புலவரை வாளால் எறியாது, அவர் விழிக்குந்துணையும் கவரிகொண்டு வீசி நின்றான் பெருஞ்சேரல் இரும்பொறை. இது பெருந்தகைமையே, ஐயமில்லை. ஆனால், புறநானூற்றின் 47ஆம் பாட்டுக்குரிய செய்தியை நாம் அத்துணை நினைப்பதில்லை. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். அவ்வேளையிற் கோவூர்கிழார் இடைநின்று, புலவர் பிறர்க்குத் தீங்கு எண்ணாதவர் என எடுத்துரைத்து அவன் உயிரை மீட்டார். சேரன் செய்தது பாராட்டு. கோவூர்கிழார் செய்தது பாதுகாப்பு. முன்னது செய்தற்கு நல்லுள்ளம் போதும். பின்னதற்கோ, வாளெடுத்து நிற்பவன் முன் சென்று நிற்கும் துணிவு வேண்டும்.

இவ்விடத்து மற்றொன்றும் நோக்கத்தக்கது. புலவன் தீங்கற்றவன் என்பதே கோவூர்கிழார் காட்டிய காரணம். இக்காரணம் இக்காலப் பத்திரிகையாளனுக்குப் போதாது. மறைக்கப்பட்டதை வெளிப்படுத்துவோன் ஆள்வோர்க்குத் தீங்கற்றவனாக இருத்தல் இயலாது. அவன் எழுத்து அவர்களை உறுத்தவே செய்யும். ஆதலின், அவன் எழுத்தால் எவருக்கும் நோவில்லை என்று வாதாடி அவனைக் காத்தல் ஆகாது. நோவு உண்டாயினும் அவனுக்கு எழுதும் உரிமை உண்டு என்று வாதாடியே காத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை நன்கு விளக்குவது ஜேர்மனியப் பத்திராதிபர் கார்ல் வொன் ஒசியெற்ஸ்கியின் வரலாறு.

ஒசியெற்ஸ்கி பேர்லின் நகரிலே 'உலக அரங்கு' எனப் பொருள்படும் பெயருடைய வார இதழை நடத்தியவர். போருக்குப் பிந்திய உடன்படிக்கைக்கு மாறாக ஜேர்மனி இரகசியமாக விமானப்படை அமைத்து வருவதனை 1929இல் அவ்விதழிலே வந்த ஒரு கட்டுரை வெளிப்படுத்திற்று. செய்தி பொய்யென்பதற்காக அன்று, அது வெளிவந்தமைக்காகவே வழக்குத் தொடரப்பட்டது. 1931இல் அவருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இளந்தத்தன் மீது சுமத்தப்பட்ட அதே ஒற்றுக் குற்றமே அவர்மீதும் சுமத்தப்பட்டமை கருதத்தக்கது. நாட்டைவிட்டு ஓட வாய்ப்பிருந்தும் அவர் ஓடவில்லை. 1932 இறுதியிற் பொதுமன்னிப்பினால் வெளிவந்தவரை, ஹிட்லர் ஆட்சியேறியபின், 1933 பெப்ரவரி 28ஆம் நாள் மீண்டும் பிடித்துத் தடுப்பு முகாமில் அடைத்தனர்.

முகாமில் அடைபட்டுக் காசநோயால் நலிந்த அவருக்கு நோபெல் சமாதானப் பரிசு வழங்க வேண்டுமென்று பல நாட்டு அறிஞரும் முயன்றனர். நோர்வே நாட்டு நாவலாசிரியரும் 1920இல் இலக்கியத்துக்கு நோபெல் பரிசு பெற்றவருமாகிய நட் ஹம்சுன், 1935இல் அம்முயற்சியை எதிர்த்து, சிறைப்பட்ட மனிதரையே பழித்து எழுதினார். நோர்வே எழுத்தாளர் பலர் உடனே ஹம்சுனைக் கண்டித்தனர். உயர்ந்த விருது பெற்ற ஒருவர் உரிமையின் காவலராக இருந்தே தீர்வர் என்பதில்லை. விருது கலைத்திறனை அளக்கும், நெஞ்சுரத்தை அளப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும். பரிசுக்குழுவில் இருந்த இருவர், அரசியற் சிக்கல் கருதி விலகிக்கொண்டனர். எனினும், 1935ஆம் ஆண்டுக்குரிய பரிசு 1936 நவம்பரில் ஒசியெற்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. அதனை மறுக்குமாறு அவரை வற்புறுத்தினர், அவர் இணங்கவில்லை. ஒஸ்லோ செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சினங்கொண்ட ஹிட்லர், இனி ஜேர்மனியர் எவரும் நோபெல் பரிசு பெறலாகாதென 1937 ஜனவரியில் ஆணையிட்டார். 1938 மே 4ஆம் நாள், காவலிலிருந்தபடியே, பேர்லின் மருத்துவமனையொன்றில் ஒசியெற்ஸ்கி இறந்தார்.

பரிசு அவர் உயிரைக் காக்கவில்லையே, அதனால் ஆய பயன் யாது எனச் சிலர் வினவலாம். உலகின் கண் அவர்மீது விழுந்தமையாலேயே 1936 மே மாதத்தில் அவர் முகாமிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். துரோகி என்று ஓர் அரசு முத்திரையிட்ட மனிதரைச் சமாதானத்தின் தொண்டர் என்று வேற்றிடத்திலிருந்து ஒரு குரல் உரத்துக் கூறிற்று; அக்குரலை அவர் தம் செவியாற் கேட்டார். இறந்தபின் எழுப்பும் நூறு சிலைகளும் இதற்கு ஈடாகா.

சிலைகளும் பின்னர் வந்தன. 1991இல் ஒல்டன்பேர்க் பல்கலைக்கழகம், நெடுங்கால வழக்காட்டின் பின், அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ஆயினும், 1931ஆம் ஆண்டுத் தீர்ப்பினை மீள விசாரிக்க வேண்டுமென்ற விண்ணப்பத்தை ஜேர்மனிய உயர் நீதிமன்றம் 1992இல் நிராகரித்தது. பெயர் பல்கலைக்கழக வாயிலிலே பொறிக்கப்பட்டிருக்க, குற்றத்தீர்ப்பு ஏட்டிலே அழிக்கப்படாது நின்றது. எழுதியவரைப் போற்றிவிட்டு, எழுதியதைக் குற்றமாக்கிய சட்டத்தைத் தொடாதுவிடுதல் அரைச் சிறப்பேயாகும்.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் நாள் கொழும்பின் அயலிற் கொல்லப்பட்டார். அவ்வாண்டு மே மாதத்திலேயே, மேற்கூறிய கில்லெர்மோ கானோ பரிசு இறந்த அவருக்கு அளிக்கப்பட்டது. கொலை நிகழ்ந்து பதினைந்தாண்டு நிறைந்த 2024 ஜனவரியிலும் அக்குற்றத்துக்காக ஒருவரும் தண்டிக்கப்பட்டிலர். இதற்கு மாறானது ஜெ. எஸ். திசைநாயகம் வரலாறு. தாம் எழுதிய கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் அவருக்கு இருபது ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அவர் சிறையிலிருக்கும்போதே பீற்றர் மக்லர் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. பல நாடுகளிலும் குரல் எழுந்தது. 2010 ஜனவரியிற் பிணையும், மே 3ஆம் நாள் மன்னிப்பு அறிவித்தலும் வந்தன. காலத்தாற் செய்த சிறப்பு கதவைத் திறக்க உதவும் என்பதற்கு இது சான்று. ஆனால், வந்தது மன்னிப்பேயன்றிக் குற்றமின்மைத் தீர்ப்பு அன்று என்பதையும் மறத்தலாகாது.

பிறர் கையாற் பட்ட புண்ணை மட்டுங் காட்டி நம் கையாற் பட்டதனை மறைத்தல் நேர்மையன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும் கவிஞரும் 'தோழி' என்னும் பெண்கள் இதழை நடத்தியவருமாகிய செல்வி, 1991இல் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார். பென் என்னும் எழுத்தாளர் அமைப்பின் விருது 1992இல் அவருக்கு அளிக்கப்பட்டபோதும் அவர் அவர்களது காவலிலேயே இருந்தார், மீண்டு வந்திலர். கடல்கடந்தோர் அவரைச் சிறப்பித்தனர். அவர் பாடிய மொழியினராகிய நாமோ வாய்திறக்க அஞ்சினோம். அவ்வச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பது உண்மை. ஆயின், எதிரியின் சிறையில் இருப்போனுக்கு மட்டும் எழுத்துரிமை கேட்பவன், உரிமையைக் காப்பவன் அல்லன், கட்சியையே காப்பவன்.

யாருக்குச் சிறப்பு என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகைமீது 1908இல் வழக்கு வந்தபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதியப்பட்டிருந்த மு. சீனிவாசனே பிடிபட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியாரோ புதுச்சேரி சென்று எழுத்துப் பணியைத் தொடர்ந்தார். பாரதியார்க்கு விழா எடுக்காத பாடசாலை இல்லை. சீனிவாசன் பெயரை அறிந்த மாணவர் எத்தனை பேர்? 2006 மே 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துட் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். அவர்கள் தலையங்கம் எழுதியவர்கள் அல்லர். பத்திரிகைப் பணிமனையிலே தொழில் பார்த்தவர்கள். மறுநாள் கொழும்பிலே, குண்டுவெடிப்பில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்த லெபனான் நாட்டு ஒளிபரப்பாளர் மே சிதியாக் அம்மையாருக்குக் கில்லெர்மோ கானோ பரிசு வழங்கப்பட்டது. அவர் அதற்கு முற்றும் உரியவர். ஆயினும், விழா நடந்த அதே தீவின் வடமுனையில் அச்சகத்தார் பிணங்களின் அருகே நின்றனர். அச்சுக்கோப்போனும் விநியோகிப்போனும் பதிவுப் புத்தகத்திற் பெயர் கொடுத்தோனும் இன்றி எந்தத் தலையங்கமும் வாசகன் கைக்கு வாராது. பேனாவை மட்டும் போற்றுதல், விளைச்சலுக்கு மழையை மட்டும் புகழ்ந்து உழவனை மறப்பது போலாம்.

கலைஞன் திறத்திலும் இஃதொக்கும். பிரான்சிய ஓவியர் டோமியே, பெருந்தீனி விழுங்கும் பூதமாக மன்னனை வரைந்தமைக்காக 1832இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை அனுபவித்தார். 1835இற் பிறந்த சட்டம், படங்களை மட்டும் முன் அனுமதி பெற்றே வெளியிட வேண்டுமென வகுத்தது; எழுத்தைக் காட்டிலும் கோட்டினை அவ்வரசு அஞ்சிற்றுப் போலும். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆம் நாள் காணாமற்போனார். அவருக்கு நீதி வேண்டி ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறிய அவர் மனைவி சந்தியா 2017இல் அமெரிக்க அரசின் துணிவுமிகு மகளிர் விருது பெற்றார். கேட்டுக்கொண்டே இருப்பதும் உரிமையைக் காக்கும் ஒரு செயல் என அவ்விருது கண்டுகொண்டமை பாராட்டுக்குரியது.

பத்திரிகையாளரெல்லாம் தூயரோ, பொய்யும் அவதூறும் எழுதுவோரையும் காக்கவேண்டுமோ என ஒரு தடை எழும். அவதூற்றுக்கு மறுப்பும் வழக்கும் உண்டு. துப்பாக்கியும் தடுப்பு முகாமும் அதற்கு விடையாகா. ஒருவன் கருத்தை ஏற்றல் வேறு, அவன் வாயைப் பொத்தாதிருத்தல் வேறு.

ஆகவே, சிறப்பென்பது காலத்தாற் செய்யப்படுதல் வேண்டும். அஃது உழைத்த கைகள் அனைத்தையும் அடக்குதல் வேண்டும். கட்சி பாராததாய், சட்டத்தைத் திருத்தும்வரை ஓயாததாய் இருத்தல் வேண்டும். 1841இல் 'உதயதாரகை'யும் 1889இல் 'இந்து சாதன'மும் தோன்றிய இம்மண்ணிலே, 1981இல் நூல்நிலையத்தோடு 'ஈழநாடு' பணிமனையும் எரிந்தது. இதனை அறிந்த நம் மாணவர், இறந்தோர் படத்துக்கு மாலையிடுவதோடு அமையலாகாது. அவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தல் வேண்டும். இன்று எழுதிக்கொண்டிருப்போர்க்கு இடர் வருமாயின், அவர் உயிரோடிருக்கும்போதே பேசுதல் வேண்டும். கோவூர்கிழார் உறையூர்க்குச் சிறிது தாழ்த்துச் சென்றிருப்பின், நமக்கு ஒரு நல்ல கையறுநிலைப் பாட்டுக் கிடைத்திருக்கும், இளந்தத்தன் கிடைத்திருக்கமாட்டான்.