ஹாலர் காட்டிய இலண்டன்

நகரங்களைச் சித்திரிப்போர் இருவகையினர். காண்போர் வியக்கும்படி கோபுரத்தை உயர்த்தியும் வீதியை அகட்டியும் வரைவோர் ஒரு சாரார்; கண்டதைக் கண்டவாறே வரைவோர் மற்றொரு சாரார். 1647ஆம் ஆண்டில் வெளிவந்த 'இலண்டன் நெடுங்காட்சி' என்னும் அச்சுப்படத்தை ஆக்கிய வென்சஸ்லஸ் ஹாலர் பின்னவரைச் சேர்ந்தவர் என்பது நமது துணிபு.

1607இல் பிராக் நகரில் பிறந்த ஹாலர், இருபதாம் வயதில் ஊர் நீங்கி ஜெர்மன் நகரங்களில் தொழில் புரிந்தார். 1636இல் ஆரண்டல் பிரபுவின் ஆதரவு பெற்று இங்கிலாந்து சென்றார். பின்னர் அங்கு உள்நாட்டுப் போர் மூளவே, 1644இல் ஆண்ட்வெர்ப் சேர்ந்தார். இலண்டனில் முன்பே எழுதிவைத்த கோட்டுச் சித்திரங்களைக் கொண்டு அங்கு இப்படத்தைச் சமைத்தார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, கீறிய கோடுகளைத் திராவகத்தால் அரிக்கச் செய்து அச்சிடுவது அவர் கையாண்ட முறை.

படத்தின் சிறப்பு யாது? முன்னோர் பலர் பல இடங்களிற் கண்டவற்றை ஒன்றாக ஒட்டவைத்தனர். ஹாலரோ சதர்க் தேவாலயக் கோபுரம் ஒன்றையே நிலைக்களமாகக் கொண்டார். அதனால் தேம்ஸ் நதியின் வளைவும், அக்கரையின் செயின்ட் பால் ஆலயமும், இக்கரையின் எளிய வீட்டுக் கூரைகளும் ஒரே கண்ணின் அளவுக்கு அடங்கி நிற்கின்றன. கூரைக்கும் கோவிலுக்கும் ஊசி ஒரே கவனத்தைச் செலுத்தியிருக்கிறது.

குறையும் உண்டு. குளோப் நாடக அரங்கின் பெயரும், கரடியை நாய்களோடு பொரவிட்டு வேடிக்கை பார்த்த கொட்டகையின் பெயரும் படத்தில் இடம் மாறி நிற்கின்றன. ஆயினும் தவறியது எழுத்தே. கட்டடங்களின் உருவம் தவறவில்லை. 1997இல் திறக்கப்பட்ட புதிய குளோப் அரங்கை அமைத்தோர்க்கு ஹாலரின் கோட்டுச் சித்திரம் சான்றாக உதவியது.

1652இல் அவர் இலண்டன் மீண்டார். 1666இல் பெருந்தீ அந்நகரை விழுங்கியது. எரிந்த நகரையும் அவர் வரைந்தார். முன்னும் பின்னுமான இரு காட்சிகளை ஒரே தாளில் அச்சிட்டு வைத்தார். அரசரின் காட்சி ஓவியர் என்னும் பட்டமும் கிட்டியது. ஆனால் பட்டம் பசி தீர்க்குமா? ஏறத்தாழ 2,700 படங்களைச் செய்தளித்த அக்கைகள் மணிக்கு நான்கு பென்ஸ் கூலிக்கு உழைத்தன என்பர். 1677இல் அவர் வறுமையில் மாண்டார். கடனுக்குப் பொருளெடுக்க வந்தோரிடம், தாம் கிடந்த கட்டிலையேனும் விட்டுவைக்குமாறு வேண்டினார் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

பிரபுக்களின் மாளிகைகளும் பழைய ஆலயமும் மறைந்தன. கூலிக்காரன் கீறிய கோடுகள் நிலைத்தன. அப்படத்தைப் போற்றுவோர் அவன் கூலியையும் எண்ணிப் பார்ப்பாராக.